தாடைக்குக் கீழே ஒரு பட்டன்

கிட்ட வாங்க கண்ணுகளா. சுவரோரமா உட்கார்ந்திருக்கிறவங்களும் இப்படி முன்னால வந்திடுங்க. என் குரல் இப்போதெல்லாம் நாலு அடிக்கு மேல் நடப்பதில்லை. ஒரு பெண்ணின் ஒரே ஒரு மத்தியானத்தைச் சொல்லப்போகிறேன். பயமான கதைதான். ஆனாலும் பாதி வழியில் உங்களை விட்டுவிட்டுப் போக மாட்டேன்.

"இங்க ஒரு கையெழுத்து போடுங்கம்மா. பொருளெல்லாம் சரியா இருக்கான்னு பாத்துக்குங்க" என்று நர்ஸ் ஒரு பிளாஸ்டிக் பையை அவள் மடியில் வைத்தாள்.

கைக்கடிகாரம். வீட்டுச் சாவி. மண் ஒட்டிய ஒரு ஜோடி ஷூ. அவற்றுக்கு அடியில் ஹெல்மெட்.

அவள் புருஷன் உயிர் போய் இருபது நிமிடம் ஆகியிருந்தது. வீடு வீடாகப் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை அவருக்கு. ஆறடிக்கு மேல் உயரம். கூட வேலை செய்பவர்கள் 'நெட்டையண்ணன்' என்பார்கள். வளைவில் மணல் கிடந்திருக்கிறது, வண்டி சறுக்கியிருக்கிறது. வேகமே இல்லை என்று பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். தலை மட்டும் நடைபாதைக் கல்லில் போய் மோதியிருக்கிறது.

அவள் கையெழுத்துப் போட்டாள். பேனாவைத் திருப்பிக் கொடுத்தாள். ஹெல்மெட்டை வெளியே எடுத்து மெல்லச் சுற்றிப் பார்த்தாள். ஒரு கீறல் இல்லை. பக்கவாட்டில் இரண்டு புல் ஒட்டிக்கொண்டிருந்தது.

அழுகை வரப்பார்த்தது. அந்தப் புல்லைப் பார்த்ததும் அது உள்ளேயே திரும்பிப் போய்விட்டது. அது இருந்த இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்தது.

விவரம் எழுத வந்த போலீஸ்காரர் எதிர் பெஞ்சில் உட்கார்ந்தார். வயசானவர், களைத்த முகம். அவளுடைய கொழுந்தன் பக்கத்தில் நின்றான். அவனும் அதே பார்சல் கம்பெனிதான். வீட்டில் அவனைச் சின்னவர் என்றுதான் சொல்வது.

"ஹெல்மெட்?"

"போட்டிருந்தாரு சார்."

"தாடை வார் மாட்டியிருந்தாரா?"

"அது மாட்டாம எங்கண்ணன் வண்டியையே எடுக்க மாட்டாரு. எழுதிக்குங்க, நல்லா பெருசா எழுதிக்குங்க. உங்க சட்டப்படி எல்லாம் செஞ்சாரு. செஞ்சுட்டுதான் செத்தாரு."

போலீஸ்காரர் கோபப்படவில்லை. "நீங்க சொல்லுங்கம்மா."

"மாட்டினாரு" என்றாள் அவள்.

அது பொய் இல்லை. காலையில் வாசலில் 'டிக்' என்ற சத்தம் கேட்டது. சமையலறையிலிருந்து அவள் காதால் கேட்டாள். போலீஸ்காரர் எழுதிக்கொண்டு நோட்டை மூடினார்.

அந்த 'டிக்' அவள் தைத்தது.

அவள் தையல்காரி. தெரு முழுக்க அவளுக்குத் தையலக்கா என்றே பேர். அவருக்கு ஒரு நாளைக்கு எழுபது வீடு. எழுபது தரம் ஹெல்மெட்டைக் கழற்ற வேண்டும், எழுபது தரம் மாட்ட வேண்டும். முகம் பார்க்காமல் எந்தக் காவலாளியும் கேட்டைத் திறப்பதில்லை. பக்கிள் பாழாய்ப்போன பக்கிள், நகத்தைப் பேர்க்கும். வெயில் நாளில் தாடைக்குக் கீழே தோல் உரிந்து ரத்தம் கசியும். வாரைத் தொங்கவிட்டு ஓட்டலாம் என்றால் அதற்கும் அபராதம் என்று போன வருஷம் உத்தரவு வந்துவிட்டது. முனைக்கு முனை கேமரா.

ஒரு நாள் சாயந்திரம் அவர் கழுத்தில் மருந்து தடவிக்கொண்டே, "எப்படி இருந்த மனுஷன், மாடு மாதிரி ஆயிட்டேன் பாரு, கழுத்துல தழும்பு" என்று சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஹெல்மெட்டை வாங்கி மடியில் வைத்தாள். பக்கிளைப் பிரித்தாள். அதன் முகத்தை மட்டும் வாரின் மேல் வைத்துத் தைத்து, அடியில் ஒரு பிரஸ் பட்டன் வைத்தாள். வெளியிலிருந்து பார்த்தால் பக்கிள். கட்டைவிரலால் ஒரு தட்டு, திறந்துகொள்ளும்.

மறுநாள் அவரோடு வேலை செய்கிற, கண்ணாடி போட்ட சோடாபுட்டி தன் ஹெல்மெட்டோடு வந்து நின்றார். அப்புறம் மீசை. அப்புறம் சின்னவர். மொத்தம் பதிமூன்று பேர். "இனிமே இவங்க தையலக்கா இல்லப்பா, சட்ட அமைச்சர்!" என்று மீசை சொல்ல, வீடே சிரித்தது. அவளுக்கும் உள்ளுக்குள் பெருமைதான், ஏன் மறைக்க வேண்டும்?

பதினான்காவதாக மகள். இருபத்து மூன்று வயசாகியும் வீட்டில் பாப்பாதான். ஒன்றரை மணி நேரத் தொலைவில் இன்னொரு ஊரில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. "பக்கிள்ல முடி மாட்டிக்குதும்மா, எனக்கும் அப்பாவுது மாதிரி தச்சுக் குடேன்" என்றாள். தைத்துக் கொடுத்தாள்.

அந்தப் பாப்பா இப்போது ஸ்கூட்டரில் வந்துகொண்டிருந்தாள். இரண்டரை மணிக்குச் சின்னவர்தான் ஃபோன் போட்டுச் சொன்னான்: அப்பாவுக்கு அடி, உடனே கிளம்பு. அடி என்று மட்டும்.

மணி மூன்றேகால்.

அவள் ஃபோனை எடுத்து மகள் பெயரை அழுத்தினாள். மணி அடித்தது. அடிக்க அடிக்க வேறு பயம் வந்தது: ஓட்டிக்கொண்டே எடுத்துத் தொலைத்தால்? சட்டென்று துண்டித்தாள். துண்டித்ததும், எடுக்கவில்லையே, ஏன் எடுக்கவில்லை என்று தவித்தாள். மறுபடி அழுத்தினாள். மறுபடி துண்டித்தாள்.

சின்னக் குழந்தைகளின் சட்டைக்கு அவள் எத்தனையோ பிரஸ் பட்டன் வைத்திருக்கிறாள். குழந்தை இழுத்தாலே திறந்துகொள்ளும். திறக்கத்தானே அதை வைப்பது.

வெளியே முற்றத்தில் குரல் எழுந்தது. பார்சல்காரர்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்திருந்தார்கள். வண்டிகள் வரிசையாக நின்றன. ஒவ்வொரு கண்ணாடியிலும் ஒரு ஹெல்மெட் தொங்கியது. அவள் புருஷனின் ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடியே வாசற்படி வரை வந்து நின்றாள். எதில் தன் தையல் இருக்கிறது என்று பார்க்கவே வேண்டியதில்லை. எல்லாவற்றிலும் இருந்தது.

"ஒரு கீறல் இல்லடா அந்த ஹெல்மெட்டுல!" சின்னவர் கத்திக்கொண்டிருந்தான். "கம்பெனி சரக்கு, முத்திரை போட்டது. ஹெல்மெட் பத்திரமா இருக்கு, எங்கண்ணன் இல்ல. ரோட்டுல கெடக்கிற மணல அள்ளத் துப்பில்ல, குழிய மூடத் துப்பில்ல, என் தலைய மூட வந்துட்டாங்க! என் தலை. உடைஞ்சா என் தலை. இவங்களுக்கு என்ன வந்துச்சு?"

"நெட்டையண்ணன் மாதிரி ஒழுங்கா போட்டவன் நம்மள்ல யாரு?" என்றார் சோடாபுட்டி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி. "அவருக்கே இதான் கதின்னா..."

"இனிமே நான் போடல. புடிச்சா புடிக்கட்டும்" என்றான் மீசை.

சின்னவர் தன் ஹெல்மெட்டைக் கண்ணாடியிலிருந்து பிடுங்கி மண்ணில் எறிந்தான். வண்டியில் ஏறி உட்கார்ந்தான். "பாப்பா தனியா வரா. நான் எதிர்ல போய்க் கூட்டிட்டு வரேன்."

அவள் எப்படிப் படியிறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. வண்டியின் முன்சக்கரத்துக்கு நேரே நின்று ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"சாவியக் குடு தம்பி."

"அண்ணி, நீங்க உள்ள போங்க. பொண்ணு எங்கயாவது பதட்டத்துல..."

"சாவியக் குடுன்னேன்."

அவள் குரலில் இருந்ததைக் கேட்டு அவன் இன்ஜினை அணைத்தான்.

இப்போது சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. சாவு வீட்டுக்கு வருகிற ஒவ்வொரு ஆளும் இதைச் சொல்லிவிட்டுத்தான் உட்காருவான். சின்னவர் இனி அண்ணி என்று கூப்பிடுவானோ மாட்டானோ. பாப்பா அம்மா என்று கூப்பிடுவாளோ மாட்டாளோ. சொல்லாவிட்டால் பட்டன் விட்டது யாருக்கும் தெரியாது. பட்டனைப் பிரித்து அடுப்பில் போட்டுவிட்டால் போதும்.

சாலைப் பக்கம் ஒரு வண்டி பிரேக் போட்ட சத்தம் கேட்டது. யாரோ ஒருவருடைய வண்டி, பாப்பாவுடையது இல்லை.

கையிலிருந்த ஹெல்மெட்டை அவள் தன் தலையில் கவிழ்த்தாள். செத்தவருடையது, பெரிதாக, காதுவரை இறங்கியது. வாரை இழுத்து மாட்டினாள். டிக்.

"அண்ணி, என்ன பண்றீங்க!"

"பின்னாலேர்ந்து தட்டு தம்பி."

"பைத்தியமா உங்களுக்கு? யாராவது அண்ணியப் புடிங்கப்பா..."

"தட்டுடா!"

அவள் அவனை டா போட்டதே இல்லை. அவன் இரண்டு விரலால், பயந்து பயந்து, ஹெல்மெட்டின் பின்பக்கத்தைத் தள்ளினான்.

டிக்.

ஹெல்மெட் அவள் முகத்தின் மேல் சரிந்து, மார்பில் மோதி, தரையில் விழுந்து உருண்டது. உருண்டுபோய் ஓரத்துப் புல்லில் நின்றது. ஒரு கீறல் இல்லை.

சோடாபுட்டியின் கை தானாகத் தன் தாடைக்குக் கீழே போனது.

"அவர் தலை கல்லுல படும்போது அது அவர் தலையில இல்ல" என்றாள் அவள். "நான் தச்சது முன்னாலயே விட்டுடுச்சு. ஹெல்மெட் மேல பழி போடாதீங்க. அது மேல தப்பில்ல."

சின்னவர் புல்லில் கிடந்த ஹெல்மெட்டையே பார்த்தான். பிறகு மெல்லக் கேட்டான். "அண்ணன் கேட்டாரா... நீங்களா தச்சீங்களா?"

"அவர் கேக்கல. நானாதான் தச்சேன்."

வாசற்படியில் போலீஸ்காரர் நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று யாருக்கும் தெரியாது. நோட்டைத் திறந்தார். பேனாவின் மூடியைக் கழற்றாமலே கையில் வைத்திருந்தார்.

"பாப்பாவுக்கும் தச்சிருக்கேன்" என்றாள் அவள்.

முதலில் அசைந்தவன் மீசை. "நம்ம கம்பெனி வேன் அந்த ரோட்லதான் வருது. மூணு மணி வேன்!" ஃபோனைக் காதில் வைத்துக் கத்தினான். "யோவ், எங்க வர? முன்னாலயோ எதிர்லயோ நீல ஸ்கூட்டர் ஒண்ணு, பொண்ணு ஓட்டிட்டு வரும்... பாக்கலயா? நல்லா பாருய்யா! பாத்தா நிறுத்து. ஏத்திட்டு வா. வண்டியையும் ஏத்து. காரணமெல்லாம் கேக்காத!"

அதன் பிறகு அந்த முற்றத்தில் செய்வதற்கு ஒன்றுமில்லை. சின்னவர் தரையில் உட்கார்ந்துவிட்டான். அவள் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சாலையில் போகிற ஒவ்வொரு வண்டியும் அவளுக்குள் ஓடியது. உள்ளே குளிர்ந்த அறையில் அவர் படுத்திருக்கிறார், போய்ப் பக்கத்தில் உட்காரவேண்டும் என்று தோன்றியது. கேட்டை விட முடியவில்லை. 'கொஞ்சம் பொறுத்துக்குங்க, இதோ வந்துடறேன்' என்று அவரிடம் மனசுக்குள் சொன்னாள், அடுப்பில் ஏதோ இருக்கும்போது சொல்வது போல.

மீசையின் ஃபோன் இரண்டு தரம் அடித்தது. இரண்டு தரமும் வேறு யாரோ. இரண்டு தரமும் அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

மணி நாலடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது வேன் திரும்பியது. கண்ணாடிக்குப் பின்னால் டிரைவர் பக்கத்தில் ஒரு ஹெல்மெட் தெரிந்தது.

பாப்பா குதித்து இறங்கினாள். முகமெல்லாம் கோபம். "எதுக்கும்மா நடு ரோட்டுல ஆள் விட்டுப் புடிச்சு ஏத்துறீங்க? கடத்திட்டுப் போறாங்கன்னு பயந்தே போயிட்டேன்! அப்பாவுக்கு எப்படி இருக்கு? ஏன் எல்லாரும் வெளியில நிக்கறீங்க?"

அம்மா பக்கத்தில் வந்து மகளின் தாடைக்குக் கீழே விரலை விட்டாள். வாரைப் பிடித்து லேசாக இழுத்தாள். டிக். ஹெல்மெட்டைத் தலையிலிருந்து தூக்கினாள். வியர்வையில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கினாள். நெற்றி, நெற்றிப்பொட்டு, பின்மண்டை என்று இரண்டு கையாலும் தலை முழுக்கத் தடவிப் பார்த்தாள், அன்று பிறந்த குழந்தையைப் பார்ப்பது போல.

"அம்மா" என்றாள் மகள். கோபம் போய்விட்டிருந்தது. "அம்மா... அப்பா?"

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

ஐந்து மணிக்கு மேல் அவரை வீட்டுக்குக் கொண்டுபோக வண்டி வந்தது. தூக்கி ஏற்றினார்கள். தாயும் மகளும் அவர் கால்மாட்டில் உட்கார்ந்தார்கள். வீடு மூன்று கிலோமீட்டர். டிரைவர் கிளப்பிவிட்டுப் பின்னால் பார்த்தான்; பார்சல்காரர்கள் வண்டிகளை ஸ்டார்ட் செய்யட்டும் என்று காத்திருந்தான். ஒரு இன்ஜின் சத்தமும் கேட்கவில்லை.

சின்னவர்தான் முதலில் ஸ்டாண்டைத் தட்டிவிட்டான். வண்டியில் ஏறாமல், நின்றபடியே ஹேண்டில்பாரைப் பிடித்துத் தள்ளினான். அவனுக்குப் பின்னால் மீசை. அதற்கும் பின்னால் சோடாபுட்டி. டிரைவர் புரிந்துகொண்டு முதல் கியரிலேயே நகர்த்தினான்.

கடைத்தெருவில் ஆட்கள் நின்று பார்த்தார்கள். பின் கண்ணாடி வழியாக மகள் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"அம்மா, எல்லாரும் ஏம்மா வண்டியத் தள்ளிட்டே வராங்க? பெட்ரோல் இல்லையா?"

அவள் திரும்பிப் பார்த்தாள். மேட்டுச் சாலை. பதிமூன்று வண்டிகள், கண்ணாடிகளில் அவள் தைத்த ஹெல்மெட்டுகள் தொங்க, ஒன்றன் பின் ஒன்றாக. யாரும் யாரையும் முந்தவில்லை. சட்டைகள் முதுகில் ஒட்டியிருந்தன. டயர்கள் சரளையில் நெரிகிற சத்தம் மட்டும், விடாமல், கூடவே வந்தது.

அவ்வளவுதான் கண்ணுகளா. இருட்டுவதற்குள் கிளம்புங்கள், மெதுவாகப் போங்கள். உங்கள் வீட்டிலிருந்து காலையில் இறங்குகிற கால்களெல்லாம் சாயந்திரம் அதே வாசலில் வந்து செருப்பைக் கழற்றட்டும். உங்கள் வீட்டில் மணி அடிக்கிற ஃபோனை எடுக்கும்போது ஒரு நாளும் உங்கள் கை நடுங்க வேண்டாம். நல்லா இருங்கள்.