கயிறு வீச யாரைக் கூப்பிடுவது

என் மனைவி ஆர்லிஸ் பிப்ரவரி கடைசியில், பசுக்கள் கன்று ஈனத் தொடங்கியிருந்த வாரத்தில், எண்பத்தெட்டு வயதில் இறந்தாள். துக்கம் கேட்க வந்தவர்கள் பூட்ஸில் சாணத்தோடும் கண்ணில் பாதித் தூக்கத்தோடும் வந்து, நின்றபடியே சாப்பிட்டுவிட்டு, தங்கள் பசுக்களைப் பார்க்க ஓடினார்கள். நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அவளாக இருந்தால் வந்திருக்கவே மாட்டாள்.

ஒருவன் மட்டும் போகவில்லை. பக்கத்துப் பண்ணை ராய்ஸ் ஹேக்கன். எங்கள் சமையலறையில், அவள் வழக்கமாக உட்காரும் நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்து, தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதான். அவன் அழுததால் என்னால் அழ முடியவில்லை. வந்தவர்களெல்லாம் முதலில் அவன் தோளைத்தான் தொட்டார்கள்.

எங்கள் மணற்குன்றுப் பக்கம் மே மாதம் கன்றுகளுக்குப் பண்ணை அடையாளச் சூடு போடுகிற நாள் ஒவ்வொரு பண்ணைக்கும் உண்டு. அக்கம்பக்கத்தார் எல்லாரும் கூலி வாங்காமல் வந்து உதவுவார்கள். வேலைகளில் உயர்ந்தது கயிறு வீசுவது. குதிரையில் பட்டிக்குள் போய், கன்றின் இரண்டு பின்னங்கால்களிலும் சுருக்கை விழவைத்து, நெருப்புப் பக்கம் இழுத்து வர வேண்டும். அந்த வேலையை யாரும் கேட்டு வாங்கக் கூடாது. பண்ணை வீட்டுப் பெரியவர் பட்டி வாசலில் நின்று பேர் சொல்ல வேண்டும். பேர் சொல்லப்படாதவர் குதிரையிலிருந்து இறங்கி, கன்றை அமுக்கிப் பிடிக்கவோ தடுப்பூசி போடவோ போய்விட வேண்டும். முகம் மாறக் கூடாது.

ஆர்லிஸுக்குப் பன்னிரண்டு வயதானபோது அவள் அப்பா நீல்ஸ் அவள் பேரைச் சொன்னார். வளர்ந்த ஆண்களுக்கே கிடைக்காத மரியாதை. அதே காலையில், அதே மூச்சில், அவர் சொன்ன இன்னொரு பேர் ராய்ஸ். இந்தக் கதையை எத்தனையோ விருந்துகளில் கேட்டிருக்கிறேன். நான் அவளைப் பார்ப்பதற்குப் பல வருடங்களுக்கு முந்தைய ஒரு காலையின் மேல் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் உண்டு.

நான் டவுன் பள்ளிக்கூடத்தில் வரலாறு சொல்லிக்கொடுத்தவன். கல்யாணமான முதல் மே மாதம் மாமனார் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"கயிறு வீசத் தெரியுமா?"

"தெரியாதுங்க."

"குதிரை?"

"ஏறத் தெரியும்."

"எறங்கவும் தெரியுமில்ல? அப்ப எறங்கு. இந்தா ஊசி."

சுற்றி நின்றவர்கள் அன்றைக்கு எனக்கு வைத்த பேர் 'வாத்தியார்'. அதுவே நிலைத்துவிட்டது.

பண்ணை அவளுடைய தம்பி டுவேனுக்குப் போயிற்று. பையனுக்குத்தான் போகும்; அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. டவுன் வீட்டில் திரைச்சீலை தைத்தாள், மகள் மார்னாவை வளர்த்தாள், தேவாலயத்துக்கு கேக் சுட்டுக் கொடுத்தாள். எல்லாவற்றையும் பாதிக் கண்ணை மூடிக்கொண்டு செய்வதுபோல் செய்தாள். மே மாதம் தம்பியின் பட்டிக்குள் குதிரையை விட்டு, ராய்ஸ் வலப்பக்கமும் அவள் இடப்பக்கமுமாக மந்தைக்குள் புகும்போதுதான் முழுசாக விழித்துக்கொண்டவள்போல் இருப்பாள். எனக்குக் கிடைத்தது மற்ற மாதங்கள்.

டுவேன் டிராக்டர் கவிழ்ந்து இறந்தான். அவன் மனைவி பண்ணை வேண்டாமென்று தன் ஊருக்குப் போய்விட, ஆர்லிஸ் திரும்பி வந்து பொறுப்பெடுத்தாள். நான் தினமும் அங்கிருந்து பள்ளிக்கூடத்துக்குக் காரோட்டினேன். இனி பேர் சொல்லப்போவது அவள். அந்தக் குளிர்காலம் முழுக்க வைக்கோல் கொட்டகையில், மரம் அறுக்க வைக்கும் ஒரு தாங்கிக்குக் கன்றின் பின்னங்கால்போல் குழாய்களைக் கட்டி, யாருக்கும் தெரியாமல் கயிறு வீசிப் பழகினேன்.

மே வந்தது. குதிரைமேல், சேணத்தில் கயிறு கட்டி, மற்றவர்களோடு வாசலில் நின்றேன். அவள் சொன்னாள்: "ராய்ஸ், நீ வா." பிறகு இன்னும் இரண்டு பேர். பிறகு என்னைப் பார்த்து, "வெண்டல், ஊசிப் பெட்டி டிரக்குல இருக்கு."

சாயங்காலம் எல்லாரும் போனபிறகு பாத்திரம் துடைத்துக்கொண்டே கேட்டேன்.

"என்னை ஏன் கூப்பிடல?"

"உனக்கு வராது."

"கொட்டகையில பாதிக்கு மேல விழுது."

"தெரியும், பாத்தேன். மரம் ஒதைக்காது வெண்டல். ஒரு கால்ல மட்டும் சுருக்கு விழுந்துச்சுன்னா கன்னுக்கு மூட்டு போயிரும். உன் மனசு நோகக் கூடாதுன்னு கன்னை நோகவைக்க முடியுமா?"

"என் மனசு நோகலாமா?"

"நீ பேசித் தீத்துக்குவ. அதால பேச முடியாதே."

"நீயும் ராய்ஸும் பட்டிக்குள்ள ஒரு வார்த்தை பேசிக்கிறதில்ல. என்கிட்ட மட்டும் நாள் பூரா பேசிட்டே இருக்க."

"உனக்குச் சொன்னாத்தானே புரியுது!" என்று சிரித்தாள். நல்ல சிரிப்புதான். கெட்ட எண்ணம் எதுவும் அதில் இல்லை. அதுதான் பொறுக்கவில்லை.

அவர்களுக்குள் ஒன்றும் கிடையாது. இருந்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். ராய்ஸின் மனைவி ஃபெர்னிடம் ஒருமுறை, உருளைக்கிழங்கு சாலட்டைப் பரிமாறிக்கொண்டே கேட்டுவிட்டேன்.

"உங்களுக்குப் பொறாமையா இல்லையா ஃபெர்ன்?"

"இல்லாம என்ன, வாத்தியாரே? ஆனா வருஷத்துக்கு ஒரு நாள்தானே. மிச்ச நாளெல்லாம் அவர் கொறட்டை எனக்குத்தான்." தட்டில் இன்னொரு கரண்டி வைத்தாள். "சாப்பிடுங்க. வயித்துல இருக்கிற எரிச்சலுக்கு மயோனைஸ் நல்லது."

ஃபெர்ன் எங்களுக்கு முந்தி இறந்துவிட்டாள். ஆர்லிஸ் இடுப்பு எலும்பு முறியும்வரை கயிறு வீசினாள். அதன்பின் வேலியோரம், மந்தையின் இடப்பக்கமாக நாற்காலி போட்டு உட்கார்ந்து பேர் சொன்னாள். ராய்ஸ் பட்டிக்குள் ஒவ்வொரு முறை திரும்பும்போதும் அவள் பக்கம் பார்ப்பான். அவள் தாடையைக் கொஞ்சம் அசைப்பாள். அது என்ன பாஷையோ, நான் பக்கத்தில் குடையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

இந்த மே மாதம் மார்னா காலையிலேயே சொல்லிவிட்டாள். "அப்பா, இந்த வருஷம் நீங்கதான் பேர் சொல்லணும்."

"பண்ணையைப் பாக்கிறவ நீ. நீயே சொல்லு."

"வீட்டுல பெரியவர் இருக்கறப்ப நான் சொன்னா நல்லாவா இருக்கும்? அம்மா எந்திரிச்சு வந்து திட்டுவாங்க."

வாசலில் குதிரைகள் நின்றன. வழக்கப்படி ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. சேணவாரை இழுத்துப் பார்த்தார்கள், வானத்தைப் பார்த்தார்கள். ராய்ஸும் வந்திருந்தான், சாம்பல்நிறக் குதிரையில். இந்த வயதில் குதிரை ஏறாதே என்று அவன் மகன் கத்தியது எனக்குத் தெரியும். கயிறு சேணத்தில் கட்டியபடியே இருந்தது; அவன் அதைத் தொடவில்லை.

மார்னா பேரைச் சொன்னேன். வடக்குப் பண்ணை அண்ணன் தம்பி இருவரையும் சொன்னேன். இன்னும் ஒரு ஆள் வேண்டும் என்று எல்லாருக்கும் தெரியும். நான் நிறுத்தினேன். ராய்ஸ் தன் குதிரையின் காதுகளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் காத்திருப்பதைப் பார்க்க இனிப்பாக இருந்தது. அவனுக்கு என்ன வேலை கொடுப்பதென்று வசந்தம் முழுக்க யோசித்து முடிவு செய்திருந்தேன்: காபி ஊற்றுவது.

அப்போதுதான் அதைக் கவனித்தேன். மற்ற குதிரைகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு நின்றன. ராய்ஸின் இடப்பக்கம் மட்டும் ஒரு குதிரை நிற்கிற அளவுக்கு வெறுமையாக இருந்தது. வேண்டுமென்றே விட்டதல்ல. அந்தச் சாம்பல் குதிரைக்கே அப்படித்தான் நிற்கத் தெரியும்போல. அவள் போனபின் வீடு முழுக்க அவள் இல்லை. எந்த மூலையில் இல்லை என்று என்னால் கைகாட்ட முடியவில்லை. அவனால் முடியும். அவள் இல்லாத இடம்கூட அவனிடம்தான் இருந்தது.

"ராய்ஸ்," என்றேன்.

அது பெருந்தன்மை இல்லை. எனக்கு அந்த இடத்தை இன்னும் கொஞ்சம் பார்க்க வேண்டியிருந்தது.

அவன் உள்ளே போனான். முதல் வீச்சிலேயே இரண்டு கால்களிலும் சுருக்கு விழுந்தது. கன்றை நெருப்புப் பக்கம் இழுத்து விட்டுவிட்டு, மந்தையின் விளிம்பில் குதிரையை ஒரு கணம் நிறுத்தினான், இடப்பக்கமாக இன்னொருவர் நுழைய வழிவிடுவதுபோல். யாரும் நுழையவில்லை. மார்னா எதிர்ப்பக்கத்தில் ஒன்றும் புரியாமல் நின்றாள். அடுத்த கன்றிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும்.

கொஞ்ச நேரத்தில் வேலிப் பக்கம் வந்தான்.

"வாத்தியாரே, முடியல. வேற யாரையாவது கூப்பிடுங்க."

"கை வலிக்குதா?"

"கை நல்லாத்தான் இருக்கு."

"பின்ன என்ன?"

அவன் தொப்பியைக் கழற்றினான். முகத்தைத் துடைத்துக்கொண்டான். நான் கேட்டிருக்க வேண்டியதில்லை; தெரிந்தேதான் கேட்டேன்.

"கன்னு இன்னும் நெறைய இருக்கு," என்றேன். "உள்ள போ, ராய்ஸ்."

ஒரு நிமிடம் என்னையே பார்த்தான். பிறகு குதிரையைத் திருப்பினான். நான் வேலியைப் பிடித்துக்கொண்டே நகர்ந்து, அவனுடைய இடப்பக்கம் நன்றாகத் தெரிகிற இடத்தில் போய் நின்றேன்.