கம்ப்யூட்டர் பார்த்த கை

வேலூரில் அந்த ஆஸ்பத்திரியின் தோல் பிரிவுக்குக் கம்ப்யூட்டர் வந்தது எண்பத்தாறில். அதற்கு ஏ.சி. அறை, வெல்வெட் உறை, சந்தனப் பொட்டு. நோயாளிகளுக்கு வெளியே வெயில். அது கேட்பதற்கு ஆமா, இல்லை என்றால் போதும். பெரிய டாக்டரிடம் போகவேண்டியவர் யார், வீட்டுக்குப் போகவேண்டியவர் யார் என்று அதுவே பிரித்துவிடும்.

குடும்பத்திலேயே முதலில் பி.எஸ்ஸி. முடித்த செண்பகம், ஆம்பூரிலிருந்து அப்பா ரத்தினசாமியைக் கூட்டி வந்திருந்தாள். தோல் பதனிடும் ஷாப்பில் குரோம் தண்ணீர்த் தொட்டியில் கைவிட்டே அவர் விரல்களில் குழி குழியாகப் புண். கட்டைவிரல் மடங்கவில்லை. பெரிய டாக்டர் எழுதிக் கொடுத்தால் ஷாப்பில் வேறு வேலை தருவார்கள். இல்லையென்றால் மறுபடி அதே தொட்டிதான்.

கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பரந்தாமன் திரையைப் பார்த்தே கேட்டான்.

"அரிக்குதா?"

"எப்பவும் அரிக்கிறதுதான் சார். புதுசா ஒண்ணுமில்ல."

"அப்ப இல்ல. கூட வேலை செய்றவங்க கையவிட உங்க கை வேற மாதிரி இருக்குதா?"

"எல்லாருக்கும் இப்படித்தான் சார். அந்தோணிக்கு இன்னும் ஜாஸ்தி."

"இதுவும் இல்ல." பட்டனைத் தட்டினான். "நார்மல். ஆறு மாசம் கழிச்சி வாங்க."

"இன்னா நார்மல்?" செண்பகம் பாய்ந்தாள். "அதுக்குத்தான் கண்ணு இல்ல. உங்களுக்குமா இல்ல?"

"பெரிய பெரிய டாக்டருங்க எழுதின கேள்விம்மா. தப்பு வராது."

"மெஷினே நல்லாருக்குன்னு சொல்லிட்ச்சு, வுடும்மா" என்றார் ரத்தினசாமி. அவருக்குப் பாஸான பையனின் முகம்.

செண்பகம் அவர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு நேராகப் பெரிய டாக்டர் அறைக்குள் போனாள். மேஜைமேல் டாக்டரின் கை வெள்ளையாக, வழவழப்பாக ஓய்வெடுத்துக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில் அப்பாவின் கையை வைத்தாள்.

"இப்ப சொல்லுங்க சார். வேற மாதிரி இருக்குதா, இல்லையா?"

டாக்டர் வெடுக்கென்று தன் கையை இழுத்துக்கொண்டார். பிறகு குனிந்து பார்த்தார். பிறகுதான் தொட்டார். 'குரோம் புண், தொட்டி வேலை கூடாது' என்று எழுதி நீட்டினார்.

திறந்த கதவு வழியே வரிசை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. அடுத்த ஆள் அப்துல் ஹமீத். பரந்தாமன் கேள்வியை முடிப்பதற்குள்ளேயே, "டாக்டர் கை மாதிரி இல்லீங்க. ஆமான்னு போடுங்க" என்றார். அவருக்குப் பின்னால் நின்றவர்களும் ஆமா, ஆமா என்றார்கள். கம்ப்யூட்டர் கொஞ்சமும் தயங்காமல் எல்லாரையும் பெரிய டாக்டரிடம் அனுப்பியது.

மத்தியானத்துக்குள் 'கம்ப்யூட்டர் பழுது' என்று அட்டை தொங்கியது. பரந்தாமன் வெல்வெட் உறையை எடுத்து உதறினான். திரையில் பச்சை எழுத்து இன்னும் மினுக்கிக்கொண்டிருந்தது.

"இன்னா சார் பழுது?" வாசலில் நின்று கேட்டாள் செண்பகம். "இன்னிக்குத்தான் ஒழுங்கா வேலை செஞ்சிது."