நுனி அறுபட்ட நீலக்கல்

காங்கேயத்துக்குத் தெற்கே, தன் தோப்பில் தென்னங்கன்று வைக்கக் குழி எடுத்தபோது மயிலாத்தாளுக்கு அந்தக் கல் கிடைத்தது. விரல் நீளம், ஆறு பட்டை, கலங்கிய நீலம். நுனி மட்டும் தண்ணீர்போலத் தெளிந்திருந்தது. கோயமுத்தூரில் விசாரித்து வருவதாக அண்ணன் ஆறுச்சாமி வாங்கிப்போனார்.

திரும்பி வந்தபோது நுனி இல்லை.

"வெறும் கண்ணாடி அம்மணி. சோதிக்கறப்ப உடைஞ்சுபோச்சு. வேலியோரமா வீசிப்போடு."

அவள் வீசவில்லை. பஸ் ஏறி, கோயமுத்தூர் கோட்டைமேட்டில் கல் சோதித்துச் சொல்லும் ஆமினா பீவியிடம் கொண்டுபோனாள். ஆமினா டார்ச் அடித்து லென்ஸில் பார்த்தாள். தண்ணீருக்குள் தொங்கவிட்டும் எடை போட்டாள்.

"கண்ணாடி இல்லீங்க அக்கா, அக்வாமரின்னு விலையுள்ள நீலக்கல்லு. ஆனா இந்தத் துண்டு பூரா விரிசல். பட்டை தீட்டினா நொறுங்கிரும். நுனி இருந்திருந்தா நல்ல விலை சொல்லியிருப்பேன். அதை எதுக்குங்க அறுத்தீங்க?"

"அறுக்கலீங்க. உடைஞ்சுபோச்சுன்னு அண்ணன் சொன்னாரு."

ஆமினா லென்ஸை அவளிடம் நீட்டினாள். நுனி இருந்த இடம் சமதளமாக இருந்தது. அதில் ஒரே சீராக மெல்லிய கீறல்கள்.

"உடைஞ்சா இப்படி இருக்காதுங்க. இது கல்லறுக்கற வாள் போன தடம்."

மயிலாத்தாள் கல்லை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினாள். பஸ்ஸில் இடமிருந்தும் அவளால் உட்கார முடியவில்லை. நேராக அண்ணன் வீட்டுக்குப் போனாள்.

"வாங்க அத்தை" என்று அண்ணன் மகள் அக்ஷயா காபி நீட்டினாள். விரலில் நிச்சயதார்த்த மோதிரம். அதில் அந்தத் தெளிந்த நீலம்.

"அண்ணா, இந்தக் கல்லு எங்க வாங்குனீங்க?"

ஆறுச்சாமி டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நம்மூட்டுப் புள்ளைக்குத்தான அம்மணி..."

"கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேன். கண்ணாடின்னு என் மூஞ்சியப் பாத்துச் சொன்னீங்களே! வேலியில வீசச் சொன்னீங்களே!"

"சத்தம் போடாத. பக்கத்தூட்டுல கேக்கும்."

"கேக்கட்டுங்க! நல்லாக் கேக்கட்டும்!"

அக்ஷயா மோதிரத்தைக் கழற்றினாள். "சத்தியமா எனக்குத் தெரியாதுங்க அத்தை."

நீயே வைத்துக்கொள் என்று தங்கச்சி சொல்லிவிடுவாள் என்பதுபோல ஆறுச்சாமி காத்திருந்தார். பெண்ணின் கண் கலங்கியதைப் பார்க்க மயிலாத்தாளுக்கும் வலித்தது. ஆனாலும் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"உன்மேல கோவம் இல்ல கண்ணு. கல்லைப் பேத்துக்கிட்டு, தங்கத்தக் குடுத்தனுப்பறேன். அது உங்கப்பனுது."

காபியைத் தொடாமல் படியிறங்கினாள். ஆறுச்சாமி வாசல் கேட் வரை வந்து கூப்பிட்டுப் பார்த்தார். அவள் திரும்பவில்லை.