திரையை அணை

எவாரிஸ்தோ அந்த நாற்காலியில் உட்கார்ந்து மூன்று மணி நேரமாகிவிட்டது. வில்லாரிக்கா கல்லூரிக் கூடத்தில் ஏப்ரல் தோறும் நடக்கும் திருவிழா இது. வீட்டுக் கணினியைத் தூக்கிக்கொண்டு போனால் இலவசமாக லினக்ஸ் இயங்குதளம் ஏற்றித் தருவார்கள். சீபா ரொட்டி வாங்கிவரப் போன மனைவி நிமியா போனவள்தான். அவள் கையைப் பிடிக்காமல் அந்த வயர்க் காட்டுக்குள் அவரால் ஓரடி எடுத்து வைக்க முடியாது.

பார்வை போய் ஓராண்டு. வானொலிக்குச் செய்தி எழுதும் வேலையில், அவர் சொல்லச் சொல்ல நிமியாதான் தட்டச்சு செய்தாள். "சம்பளம் உனக்கா, அவளுக்கா? திங்கட்கிழமை நீயே அடிச்சுக் காட்டு, இல்லேன்னா வேற ஆளைப் பாத்துக்கிறேன்" என்று மேலாளர் சொல்லிவிட்டார். லினக்ஸில் அதற்கு ஏதாவது வழி கிடைக்கும் என்றுதான் இங்கே வந்திருந்தார்.

லினக்ஸில் எந்த வகையை ஏற்றுவது என்று அவர் தலைக்கு மேலே டெர்லிசும் வில்மாவும் மல்லுக்கு நின்றார்கள். இருவரும் தொண்டர்கள்.

"மிண்டைப் போடு. புதுசா வர்றவங்களுக்கு அதான் சுளுவு."

"போடா, உபுண்டுதான். ஐகானைப் பாரு, எவ்ளோ அழகு!"

"அழகைப் பத்தி நீ பேசாதே தாயே!"

எவாரிஸ்தோ இரண்டு தரம் வாயைத் திறந்தார். "தம்பி, எனக்குக் கண்ணு..."

"இருங்க ஐயா, உங்களுக்கு நல்லதாத்தான் போடுறோம்." அவர் போட்டிருந்த கறுப்புக் கண்ணாடி வெயிலுக்கு என்று நினைத்தார்களோ என்னவோ. உடனே, ஆளுக்காள் சுற்றி வரும் தெரெரே மூலிகைத் தண்ணீர்க் கோப்பை கைக்கு வந்தது. குடித்துவிட்டு 'நன்றி' சொன்னால் 'இனி வேண்டாம்' என்று அர்த்தம், அடுத்த சுற்று கிடையாது. அவர் சொல்லவில்லை. வேறென்ன வேலை இருந்தது அவருக்கு? வயிறு முழுக்கக் குளிர்ந்த தண்ணீர்.

ஒருவழியாக டெர்லிஸ் கைதட்டினான். "மிண்ட் ஏறிடுச்சு ஐயா! பாருங்க, பளபளன்னு இருக்கு!"

விசைகளைத் தடவி அழுத்தினார். ஒன்று, இரண்டு, பத்து. ஒரு பதிலும் இல்லை, சுவரைத் தட்டியதுபோல் இருந்தது. திங்கட்கிழமை போயிற்று என்று நினைத்ததும் ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"தம்பி, திரையை அணை."

"எதுக்கு ஐயா?"

"அணைடான்னா!"

டெர்லிஸ் அணைத்தான்.

"இப்ப உன் பேரை எழுதிச் சேமி. அதையே தேடித் திறந்து எனக்குப் படிச்சுக் காட்டு."

விசைகள் கொஞ்சம் தடதடத்து நின்றன. "ஒண்ணுமே தெரியலையே ஐயா..."

"எனக்கு ஒரு வருஷமா இப்படித்தான்டா இருக்கு."

வில்மா குனிந்து மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினாள். கணினிக்குள்ளிருந்து ஒரு தகரக் குரல் கிளம்பியது.

"திரையைப் படிச்சுச் சொல்ற வசதி ஐயா. இவனோட மிண்ட்லயும் இருக்கு, என்னோட உபுண்டுலயும் இருக்கு. நாங்க ஒருநாளும் திறந்து பார்த்ததில்ல." அவள் குரல் இறங்கியிருந்தது.

"குரல் கண்றாவியா இருக்கே" என்றான் டெர்லிஸ்.

"பேசுதே, வாயை மூடு."

எவாரிஸ்தோ எழுத ஆரம்பித்தார். தகரக் குரல் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னது. தப்பாக அழுத்தியதையும் சொன்னது, அழித்தார். கோப்பை மறுபடி வந்தது. "நன்றி" என்று தள்ளிவிட்டு அடுத்த வரிக்குப் போனார்.

டெர்லிஸ் மெதுவாகக் கையை நீட்டினான். "திரையைப் போடட்டுமா ஐயா?"

"எதுக்கு?" என்றார் எவாரிஸ்தோ, விரல் நிற்காமல்.