மேலாக வெட்டிய பட்டை

வினோத்குமாரை முதல் நாளே எனக்குப் பிடிக்கவில்லை. எங்கள் தீவுகளிலேயே, ஜங்லிகாட்டில் பிறந்து வளர்ந்த தமிழன்தான். மெயின்லேண்டில் படித்து அங்கேயே ஏதோ ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவன், எங்கள் ரப்பர் தோட்டத்துக்கு ஒரு மெஷினோடு கப்பலிறங்கியிருந்தான். காலைப் பெரட்டில் ஆள் எண்ணி முடிந்ததும் எங்கள் முன்னால் வந்து நின்று, "சிலோன்காரங்க எல்லாம் இந்தப் பக்கம் வாங்க, ஜல்தி" என்றான். நாங்கள் சிலோனை விட்டு வந்து முப்பது வருஷத்துக்கு மேலாகிவிட்டது.

மெஷின் என்பது பேட்டரியில் ஓடும் ஒரு கத்தி, அவ்வளவுதான். ரப்பர் மரத்தின் பட்டையைச் சீவினால் பால் வடியும். அதைக் கையால் சீவுவதுதான் எங்கள் பிழைப்பு. "இது இருந்தா ஒரு ஆளு நாலு ஆளு வேலையச் செய்யலாம்" என்று அவன் பெருமையடித்தான். சுனாமியில் நாங்கள் குடியிருந்த கரையோர லயங்கள் அடித்துப் போய், செத்தவர்கள் போக, பயந்து ஊரை விட்டவர்கள் போக, நாற்பது பேர்தான் மிச்சமிருந்தோம். அந்த நாற்பதில் முப்பது பேரை வீட்டுக்கு அனுப்ப வந்திருக்கிறான் என்று எனக்கு வயிறு எரிந்தது. வேலை போனால் லயத்து அறையும் போய்விடும். வேறு போக்கிடம் யாருக்கும் கிடையாது.

பட்டையில் ஆழமாக இறங்கினால் மரம் காயப்படும். மேலாகச் சீவினால் பால் வராது. நடுவில் உள்ள அந்த நூலளவு எங்கள் கைக்குத் தெரியும், மெஷினுக்குத் தெரியாது. எங்கள் வெட்டை அளந்து அந்த ஆழத்தை மெஷினில் வைக்க வேண்டும். "வசந்தகுமாரிதான் இங்க கெட்டிக்காரின்னு ஆபீஸ்ல சொன்னாங்க. உங்க வெட்டத்தான் ஸ்டாண்டர்டா வைக்கப்போறேன் அக்கா" என்று இளித்தான்.

அன்று மத்தியானமே எல்லோரையும் கூப்பிட்டேன். "அவன் அளக்கிறப்ப எல்லாரும் மேலால வெட்டுங்க. ஒருத்தரும் கைய எறக்கக் கூடாது."

என் சித்தி மகன் யோகராஜ் மட்டும் தயங்கினான். "பால் கொறஞ்சா கேப்பாங்களே அக்கா?"

"கேட்டா மழைன்னு சொல்லு."

மூன்று வாரம் வினோத்குமார் மரம் மரமாகக் குனிந்து அளந்து எழுதினான். அந்த அளவில் மெஷினை ஓட்டியபோது பால் பிடிக்கும் சிரட்டையில் கால்வாசிகூட நிரம்பவில்லை. அவன் முகம் சுண்டிப்போனதைப் பார்த்து நாங்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். பொய் சொல்லவில்லை, அன்று எனக்கு அப்படியொரு சந்தோஷம்.

கிளம்புவதற்கு முந்தின நாள் தனியாக என்னிடம் வந்தான். "உண்மையச் சொல்லுங்க அக்கா. நான் அளக்கிற மரத்துல மட்டும் பால் கம்மியா வருது. நீங்க காட்டுனது சரியான ஆழந்தானா?"

"எங்க வெட்டு அவ்வளவுதான்."

"இந்த மெஷின் உங்க மரத்துக்கு இல்ல. சுனாமிக்கப்புறம் வெட்ட ஆளில்லாம ரெண்டு டிவிஷன் மரம் சும்மா நிக்குதே, அதுக்கு. இப்ப வர்ற பால வச்சு ஃபேக்டரி ஓட்ட முடியாது. அந்த மரமும் பால் குடுத்தாத்தான் தோட்டம் நிக்கும். நான் ஃபெயில்னு எழுதிட்டா ஆராய்ச்சிக்குப் பணம் நின்னுரும், தோட்டத்தையும் பந்த் பண்ணிருவாங்க."

மிரட்டுகிறான் என்றுதான் நினைத்தேன். "இத ஏன் மொத நாளே சொல்லல?"

"உங்களுக்கெல்லாம் சொன்னா புரியவா போகுது?"

கொஞ்சம் இளகியிருந்த மனசும் அதோடு கல்லாகிவிட்டது. "ஆழம் சரிதான். போய் எழுது" என்றேன்.

நாலு மாதத்தில் நோட்டீஸ் வந்தது. தோட்டம் மூடப்படுகிறது, இரண்டு மாதத்துக்குள் லயத்தைக் காலி செய்ய வேண்டும். அந்த வாரமே மெஷினை எடுத்துப்போக வினோத்குமார் வந்தான். பெரட்டுத் திடலில் யோகராஜ் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்துவிட்டான். "நீ எழுதுன எழுத்துலதான்டா எங்க வயித்துல மண்ணு விழுந்துச்சு!" ஓங்கிய கை இறங்கப் போனது.

என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. "விடு யோகராஜ். ஆழம் சரியான்னு அவன் எங்கிட்ட வந்து கேட்டான். மெஷின் ஓடலன்னா தோட்டத்த மூடிருவாங்கன்னும் சொன்னான். நாந்தான் சரின்னு சொல்லி அனுப்பிட்டேன்."

யோகராஜின் பிடி தளர்ந்தது. வினோத்குமார் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, "இப்ப சொல்லி என்ன பிரயோஜனம்?" என்று பல்லைக் கடித்தான்.

"ஒனக்காகச் சொல்லல" என்றேன்.

மற்ற எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் வந்து கேட்டதை நான் ஒருவரிடமும் மூச்சு விட்டதில்லை. அவன் தோற்றுப் போக வேண்டும், எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

"எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே அக்கா" என்று யோகராஜ் கேட்டான். அவனுக்கு அழுகை வந்துவிட்டது. "என்னாத்துக்கு மறச்ச?"

"நீங்க அவன நம்பிருவீங்கன்னுதான்."