கழிமுகத்தில் ஒரு வீடு

படகு துறையை விட்டு நகர்ந்ததுமே, வீட்டிலிருந்து மனப்பாடம் செய்துகொண்டு வந்த வாக்கியம் சலூன்காரருக்கு மறந்துபோனது. கடைக் கண்ணாடி முன்னால் நின்று பலமுறை சொல்லிப் பார்த்த வாக்கியம். ‘நீ உன் வழியைப் பாத்துக்கிட்டுப் போம்மா, என்னைப் பத்தி யோசிக்காத.’ அவ்வளவுதான். நாளெல்லாம் கத்தரிக்கோலோடு போட்டி போட்டுக்கொண்டு வாயாடுகிறவருக்கு இந்த ஒரு வரி மட்டும் வாயில் தங்கவில்லை.

பக்கத்தில் மருமகள் கைப்பையை மடியில் அணைத்தபடி உட்கார்ந்திருந்தாள். மருமகள் என்று சொல்வதே சரியா என்று அவருக்கு இப்போதெல்லாம் சந்தேகம். மகன் வேறொருத்தியோடு வேறொரு தேசத்துக்குப் போய்விட்டான். கோர்ட்டில் எல்லாம் முறைப்படி முடிந்து ஒரு வருஷம் ஆகிறது. “கொஞ்ச நாள் இருந்துட்டுப் போறேன் மாமா” என்றவள் அப்படியே இருந்துவிட்டாள். காலையில் அவள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலைக்குப் போவாள், அவர் கடை திறக்கப் போவார். ராத்திரி எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுவார்கள். மகனின் பெயரை மட்டும் இருவரும் எடுப்பதில்லை. “மருமக இன்னும் உங்க வீட்டுலதானா?” என்று கேட்கிற வாடிக்கையாளர்களின் பிடரியில் கைவைத்து, “தலையைக் குனிங்க” என்று தேவைக்கு மேலேயே அழுத்திவிடுவார் சலூன்காரர்.

இப்போது அவளுக்கு அக்கரையில் பெரிய ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்திருந்தது. “சேரச் சொல்லிட்டாங்க. பேப்பர் குடுக்கப் போறேன். நீங்களும் வாங்க, கடல் பாக்கலாம்” என்றாள். போகிறவள் கடைசியாக ஊர் சுற்றிக் காட்டுகிறாள் என்று எண்ணிக்கொண்டு, நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு, அவளோடு இரண்டு பஸ் மாறித் துறைக்கு வந்திருந்தார்.

ஆறு என்றால் இக்கரையில் நின்று கூப்பிட்டால் அக்கரையில் திரும்பிப் பார்ப்பார்கள் என்றுதான் அவர் நினைத்திருந்தார். இது அப்படி இல்லை. எதிர்க்கரை ஒரு பென்சில் கோடு. பால் குறைந்த டீயின் நிறத்தில் தண்ணீர் அவசரமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. டீசல் வாடைக்கு நடுவே திடீரென்று உப்புக் காற்று வந்து முகத்தில் மோதியது. உதட்டை நக்கிப் பார்த்தார். கரித்தது. இத்தனை வயசுக்கு மேல் ஒரு ஆற்றை ருசி பார்க்கிறோமே என்று அவருக்கே சிரிப்பு வந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் பெஞ்சில் காத்திருந்தார். அவள் வெளியே வந்தபோது கழுத்தில் புது அடையாள அட்டை தொங்கியது. போட்டோவில் கண்ணை உருட்டிக்கொண்டிருந்தாள். “திருடியைப் பிடிச்ச மாதிரி எடுத்திருக்கான்” என்றார். அவள் லேசாகச் சிரித்தாள். சொல்ல இதுதான் சமயம் என்று நினைத்தார். “கடல் எந்தப் பக்கம்?” என்று கேட்டார்.

கரையோரமாகவே நடந்து ஆறு கடலில் விழும் இடத்துக்கு வந்தார்கள். நீர் வற்றி ஒதுங்கியிருந்தது. கண்ணுக்கெட்டிய வரை ஈரச் சேறு, வெயிலில் வெள்ளித் தட்டுபோலப் பளபளத்தது. நண்டுகள் வளைக்குள் ஓடி ஒளிந்துகொண்டு, ஆள் அசையவில்லை என்றால் மறுபடி எட்டிப் பார்த்தன. நீண்ட அலகுப் பறவைகள் சேற்றைக் குத்திக் குத்தி நடந்தன. இறங்க வேண்டாம் என்று பலகை வைத்திருந்தார்கள். ஆனால் பறவைகளைக் கிட்டத்தில் பார்க்கும் ஆசையில், அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் சலூன்காரர் கொஞ்ச தூரம் போய்விட்டார். முதலில் கெட்டியாகத்தான் இருந்தது. பிறகு வலது கால் கணுக்கால் வரை போனது. அதை எடுக்க இடது காலை ஊன்றினார். அது முழங்கால் வரை போனது.

“மாமா, அசையாதீங்க!”

“தலைக்கு மேல போனாத்தானே சாண் என்ன முழம் என்ன. இது முட்டிக்குக் கீழதான்” என்றார். ஆனால் தூரத்தில், ஒதுங்கியிருந்த கடல் திரும்பி வந்துகொண்டிருந்தது. மெல்லிய நீர்ப்படலம் ஒன்று சேற்றின் மேல் சத்தமில்லாமல் ஊர்ந்து வந்தது. காலை இழுக்க இழுக்கச் சேறு இன்னும் இறுக்கமாகக் கவ்வியது.

“நிக்காதீங்க. பின்னாடி சாஞ்சு அப்படியே உக்காருங்க.”

“நல்ல சட்டைம்மா.”

“சட்டை கிடக்குது, உக்காருங்கன்னா!”

இதுவரை அவரை அவள் அதட்டியதே இல்லை. உட்கார்ந்தார். அவள் குப்புறப் படுத்து, ஆஸ்பத்திரிக்கென்று இஸ்திரி போட்டு உடுத்தியிருந்த உடையோடு ஊர்ந்து வந்தாள். அவர் முழங்காலைச் சுற்றிக் கையாலேயே சேற்றைத் தோண்டினாள். ஒரு கால் ‘பொளக்’ என்று வெளியே வந்தது. பிறகு மற்றது. இரண்டு பேரும் குழந்தைகள்போல நாலு காலில் தவழ்ந்து கெட்டி மணலுக்கு வந்து மல்லாந்தார்கள். அவள்தான் முதலில் சிரித்தாள். அடையாள அட்டையில் போட்டோ இருந்த இடமே தெரியவில்லை. அதைக் காட்டி, “இப்ப நல்லா இருக்கேனா?” என்றாள். அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவருக்கு எப்போது அழுகை கலந்தது என்று தெரியவில்லை. அவள் பார்க்காததுபோல் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வீடு ஒண்ணு பேசி வச்சிருக்கேன் மாமா. மாடி காத்தோட்டமா இருக்குன்னாங்க. நான் கீழ்வீடுதான் வேணும்னேன்.”

“ஏன்?”

“உங்க முட்டிக்கு மாடிப்படி ஆகாதே.”

சலூன்காரர் எழுந்து உட்கார்ந்தார். காற்றில் அவருடைய முடி, இருந்த கொஞ்சமும், நட்டுக்கொண்டு நின்றது.

“கடை இருக்குதேம்மா.”

“இங்க இருக்கறவங்களுக்கும் முடி வளரும் மாமா.”

“ஊர் என்ன சொல்லும்? நான் உனக்கு யாரு இப்ப?”

அவள் விரலிடுக்குச் சேற்றை வழித்துப் போட்டாள்.

“கோர்ட்டு அவரைத்தான் என்கிட்ட இருந்து பிரிச்சது. உங்களைப் பத்தி அங்க யாரும் கேக்கலயே” என்றாள். “கட்டாயம் இல்ல. வீட்டை வந்து பாருங்க. பிடிக்கலைன்னா விடுங்க.”

சேற்றில் ஒரு கால் ஆற்றில் ஒரு கால் என்று இத்தனை நாள் தன்னைப் போலவே அவளும் இருப்பதாக நினைத்திருந்தார். இந்தப் பெண் எப்போதோ காலை ஊன்றிவிட்டு, அவரை எப்படித் தன்னோடு கூப்பிடுவது என்று தெரியாமல்தான் காத்திருந்திருக்கிறாள்.

வீடு கரையை ஒட்டிய தெருவில், கடைசியில் இருந்தது. கதவைத் திறந்த வீட்டுச் சொந்தக்கார அம்மாள் இரண்டு சேற்றுப் பொம்மைகளைப் பார்த்துக் கதவைப் பாதி சாத்தினாள். பிறகு கொல்லைப்புறக் குழாயைக் காட்டினாள். அவர்கள் கைகால் கழுவி முடிக்கும் வரை துண்டோடு நின்றாள். துண்டோடு கேள்விகளும் வந்தன.

“இவர் அப்பாவா?”

“மாமா” என்றாள் மருமகள்.

“அப்ப உன் வீட்டுக்காரர்? அவர் எப்ப வருவாரு?”

மருமகளின் முகத்தில் அந்தப் பழைய அமைதி வந்து உட்காருவதை அவர் பார்த்தார். துண்டை வாங்கி நிதானமாகக் காதைத் துடைத்துக்கொண்டார்.

“என் பையன் வரமாட்டான்மா. நாங்க ரெண்டு பேருதான்” என்றார். பிறகு, வாய் பழக்கதோஷம், “தெருவுல சலூன் எதுவும் இருக்குதா?” என்று கேட்டார்.

“ஒண்ணுகூடக் கிடையாது. ஆம்பளைங்க எல்லாம் காடு மாதிரி வச்சுக்கிட்டு அலையறாங்க” என்று சொல்லிவிட்டுச் சாவி எடுக்க அந்த அம்மாள் உள்ளே போனாள்.

மருமகள் அவர் சட்டைக் காலரில் ஒட்டியிருந்த சேற்றை நகத்தால் சுரண்டிவிட்டு, கொல்லைக் கதவுக்கு வெளியே கையைக் காட்டினாள். கழிமுகத்தில் நங்கூரமிட்டிருந்த படகுகள் எல்லாம் இதுவரை ஊர்ப்பக்கம் மூக்கை வைத்து நின்றிருந்தன. இப்போது கடல் தண்ணீர் ஆற்றுக்குள் ஏறத் தொடங்கியிருந்தது. முதலில் ஒரு சின்னப் படகு, பிறகு அதற்கடுத்தது, பிறகு பெரியது என்று யாரும் தொடாமலே ஒவ்வொன்றாக மெல்லக் கடல்பக்கம் திரும்பிக்கொண்டிருந்தன.