கடைசிக் கணக்கில் ஒன்று அதிகம்

"அம்மா, கணக்கு அத்தினியும் முட்ச்சுட்டேன். கல்லாண்ட போறேன், நீயும் வரியா?"

ஜெனிஷ் கேட்ட கடைசிக் கேள்வி அதுதான். ஜெரினா அப்போது மீன் கழுவிக்கொண்டிருந்தாள். கை முழுக்கச் செதில். அவன் நோட்டை எட்டிப் பார்த்தாள். எல்லாமே சரியாக இருந்தது. சீக்கிரமும் முடித்திருந்தான். "நீ போ, பின்னாடியே வரேன்" என்றாள்.

அவள் போகவில்லை. குக்கர் விசில் அடித்தது, அக்கா ஊரிலிருந்து போன் பண்ணினாள், அரிசி களைய வேண்டியிருந்தது. திருவொற்றியூர்க் கரையில் அலையைத் தடுக்கக் கொட்டி வைத்திருக்கும் கருங்கற்களின் மேல் நண்டு தேடிக்கொண்டிருந்த பத்து வயதுப் பையனை அன்று மாலை கடல் எடுத்துக்கொண்டது. மறுநாள் திருப்பித் தந்தது.

அதற்கு அடுத்த ஜூனில், மகள் ஜெஸ்லினை ஜெரினா பள்ளிக்கு அனுப்பவில்லை. பள்ளி வேன் கடலோர ரோட்டில்தான் வரும், அதனால் வீட்டிலேயே நானே சொல்லித் தருகிறேன் என்றாள். அவள் பி.காம். படித்தவள். புத்தகங்கள் வாங்கினாள். பிள்ளைகளை வீட்டில் வைத்துப் படிக்கவைக்கும் அம்மாக்களின் வாட்ஸப் குழு ஒன்றில் சேர்ந்துகொண்டாள். காலையில் தமிழும் ஆங்கிலமும். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கணக்கு.

அந்தக் கணக்குதான் வளர்ந்தது. முதலில் அரை மணி நேரம். பிறகு தொழிற்சாலையில் நாலரை மணி சைரன் ஊதும்வரை. இப்போது தெருவிளக்கு எரியும்வரை. ஏழு வயதுக் குழந்தை தரையில் புளியங்கொட்டைகளைப் பரப்பி, கூட்டி, கழித்து, பெருக்கிக்கொண்டே இருந்தது.

ஒருநாள் ஜெரினாவுக்கே மனம் கேட்காமல் குழுவில் கேட்டாள்: இந்த வயதுக்குத் தினமும் எவ்வளவு நேரம் கணக்கு போடவைக்கலாம்? இருபது நிமிடம் போதும் என்றார் ஒருவர். அரை மணி, அதற்கு மேல் தலையில் ஏறாது என்றார் இன்னொருவர். கணக்கே வேண்டாம், கடைக்கு அனுப்புங்கள், மீதிச் சில்லறை வாங்கி வரட்டும் என்றார் மூன்றாமவர். கோயம்புத்தூர்க்காரம்மா ஒருத்தி மட்டும், தன் பையன் தானே விரும்பி இரண்டு மணி நேரம் உட்காருகிறான் என்று பெருமையாக எழுதியிருந்தாள். ஜெரினா அந்தப் பதிலை மட்டும் நட்சத்திரக்குறி போட்டு வைத்துக்கொண்டாள். நமக்கு வேண்டிய பதிலை யாராவது ஒருவர் எப்போதும் சொல்லிவிடுகிறார்கள்.

உண்மையில் அவளுக்குக் கணக்கைப் பற்றிக் கவலையில்லை. நோட்டின் முன்னால் உட்கார்ந்திருக்கும் குழந்தை வீட்டுக்குள் இருக்கும் குழந்தை, அவ்வளவுதான். கணக்கு முடிந்துவிட்டால் வீடு முழுவதும் சத்தங்கள் கேட்கத் தொடங்கிவிடும். கற்களின் இடுக்குக்குள் தண்ணீர் புகுந்து, உள்ளே எதையோ தேடிவிட்டு வெளியே வரும் சத்தம். வாசலில் ஈர மணலில் ஜெனிஷின் ரப்பர் செருப்பின் சப்சப். நான்கு தெரு தள்ளியிருக்கும் கடல் அந்த நேரத்தில் மட்டும் வாசற்படிக்கு வந்துவிடும். வாசல் நிலைக்கு மேலே இருந்த மாதா படத்தைப் பார்த்து அருள்நிறைந்த மரியே சொல்லத் தொடங்குவாள். பாதியில் நின்றுவிடும். அந்த இடத்தில் அவன் குரல்தான் கேட்கும். நீயும் வரியா?

இதில் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. ஜெஸ்லின் எல்லாக் கணக்கையும் சரியாகப் போடுவாள். கடைசிக் கணக்கு மட்டும் தப்பாகும். எப்போதும் ஒரே மாதிரித் தப்பு. விடையில் ஒன்று அதிகம் இருக்கும். இருபத்தேழும் பதினைந்தும் நாற்பத்து மூன்று. ஆறு நான்கு இருபத்தைந்து. "திரும்பப் போடு" என்பாள் ஜெரினா. திரும்பவும் ஒன்று அதிகம் வரும். ஜெரினா தானே குனிந்து புளியங்கொட்டைகளை எண்ணிப் பார்த்தாள். ஒன்று அதிகம் இருந்தது. அந்த ஒன்று மட்டும் மற்ற குவியல்களில் சேராமல், சற்றுத் தள்ளி, தனியாகக் கிடந்தது.

அன்றிலிருந்து அவளுக்கு அந்த அறையில் இரண்டு பிள்ளைகள் உட்கார்ந்திருப்பதுபோலவே இருந்தது.

ஜெரினாவின் கணவன் டென்னிஸ், காசிமேட்டிலிருந்து விசைப்படகில் கடலுக்குப் போகிறவன். போனால் வாரம் தாண்டித்தான் திரும்புவான். அந்த முறை வந்தபோது மணி ஆறரை. வலைக் கயிறு அறுத்துக் காயமான கையோடு வாசலில் நின்று உள்ளே பார்த்தான்.

"இன்னாமே, இன்னுமா முடியல? எங்க போட்டு டிரைவருக்கே இத்தினி கணக்கு கெடையாது. பாப்பா இன்னா, கப்பலா ஓட்டப் போவுது?"

ஜெஸ்லின் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஜெரினா சிரிக்கவில்லை.

"தப்பா போட்டுக்கினு கீறா. எப்டி உடறது?"

டென்னிஸ் நோட்டை வாங்கிப் புரட்டினான். "எல்லாம் சரியாத்தானே கீது? கடைசி ஒண்ணுக்கோசரம் கொயந்தைய இப்டிப் போட்டு..."

"கடைசி ஒண்ணுதான் முக்கியம்."

அவன் நோட்டை மூடிக் கீழே வைத்தான். "ஜூன்ல இஸ்கூல்ல சேத்துருவோம், ஜெரினா. தோஸ்துங்க இல்லாம இது ஊமையாப் போய்டும்" என்றான்.

"வேனு கடலோரமா வருது."

"கடலை உட்டு எங்க போவறது? நான் அதுலதானே சோறு துன்னுகினு கீறேன்."

அவன் குளிக்கப் போனான். குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் வழக்கத்தைவிட நீண்ட நேரம் கேட்டது. அவனும் அங்கேதான் அழுவான். இரண்டு பேருக்கும் அது தெரியும். இரண்டு பேரும் அதைப் பேசியதில்லை.

ஜெஸ்லினுக்கு வெளி உலகம் என்று இருந்தது ஒன்றே ஒன்று. தெருமுனையில் ரஹீமுன்னிசா போடும் சமோசா வண்டி. சாப்பாட்டுக்கும் கணக்குக்கும் நடுவில், ஜெரினா வாசலில் நின்று கண்ணெடுக்காமல் பார்த்திருக்க, குழந்தை போய் மூன்று சமோசா வாங்கி வரும். ரஹீமுன்னிசாவுக்கு எண்ணெய்ச் சட்டியைவிட வாய் சூடு. "வாடி கலெக்டரம்மா, இன்னிக்கு எத்தினி கணக்கு போட்ட? எனக்கும் கொஞ்சம் போட்டுக் குடு, இந்த மாவுக்காரன் என்ன நல்லா ஏமாத்திக்கினு கீறான்!" என்பாள். பிறகு வியாபாரிகள் வழக்கப்படி, முதலாவதை ஒன்று என்று சொல்லாமல் லாபம் என்று தொடங்கி எண்ணிப் போடுவாள். "லாபம், ரெண்டு, மூணு." அதற்குப் பிறகு வாய்விட்டு எண்ணாமல் இன்னொன்றை எடுத்துத் தனிக் காகிதத்தில் மடித்து மேலே வைப்பாள்.

கொசுறு என்றுதான் ஜெரினா நினைத்திருந்தாள்.

டென்னிஸ் மறுபடி கடலுக்குப் போன பிறகு ஒரு மத்தியானம். வெளியே புழுக்கம். எண்ணூர்ப் பக்கமிருந்து வந்த புகை, தெருவின் மேல் அசையாமல் நின்றது. கணக்கு நடந்துகொண்டிருந்தது. கடைசிக் கணக்கைக் கொடுத்துவிட்டு ஜெரினா பால் பொங்கும் வாசனைக்குச் சமையலறைக்கு ஓடினாள். அடுப்பை அணைத்துவிட்டு வெறுங்காலோடு திரும்பியவள் கதவருகில் நின்றுவிட்டாள்.

ஜெஸ்லின் நான்கு நான்காக ஆறு குவியல் வைத்திருந்தாள். விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினாள். "இருபத்தி நாலு" என்று மெதுவாகச் சொன்னாள். சரியான விடை. பிறகு பாவாடைப் பையிலிருந்து இன்னொரு புளியங்கொட்டையை எடுத்தாள். அதைத் தன் சட்டையில் துடைத்தாள். தனக்குப் பக்கத்தில், யாரும் இல்லாத இடத்தில், தள்ளி வைத்தாள்.

"இது உன்து" என்றாள்.

ஜெரினா அந்த வெற்றிடத்தைப் பார்த்தாள். அங்கே தரை மட்டும்தான் இருந்தது. சிமெண்டு பெயர்ந்து, ஜெனிஷ் காலால் தேய்த்துத் தேய்த்து வழுவழுப்பாக்கிய தரை.

"யாராண்ட பேசற, பாப்பா?"

குழந்தை பயந்து புளியங்கொட்டையைக் கையால் மூடிக்கொண்டது.

"திட்டமாட்டேன். சொல்லு."

"அண்ணனோட பங்கு."

"யார் சொன்னது?"

"சமோசா ஆயா. தனியா ஒண்ணு கட்டித் தருதுல்ல, அது இன்னாத்துக்குன்னு கேட்டேன். அது உங்க அண்ணனோடது, தெனமும் எனக்குத் தண்ணிக் கொடம் தூக்கித் தருவான், காசு குடுத்தா வாங்கமாட்டான், சமோசாதான் வாங்குவான், அவன் வரலன்னா அவன் பங்கு இல்லாம போயிடுமான்னு சொல்லுச்சு. எல்லாருக்கும் எண்ணி முட்ச்சு கடைசில வெக்கணுமாம்."

ஜெரினா மெதுவாகக் கீழே உட்கார்ந்தாள்.

ரஹீமுன்னிசா இதை அவளிடம் ஒருநாளும் சொன்னதில்லை. துக்கம் விசாரிக்க வந்தபோதுகூட வாசலில் நின்று இவள் தலையைத் தடவிவிட்டுப் போனாள், அவ்வளவுதான். ஆனால் இத்தனை நாளும், மழையிலும் நோன்பிலும், அவள் அந்தப் பையனின் பங்கை நிறுத்தவில்லை. தேவன் இந்தத் தெருவுக்கு வந்தால் எப்படி வருவார் என்று ஜெரினா பலமுறை யோசித்திருக்கிறாள். எண்ணெய் ஊறிய காகிதத்தில் மடிக்கப்பட்டுத் தினமும் அவள் வீட்டுக்குள் வந்துகொண்டிருந்ததை அவள் கவனிக்கவில்லை.

"சரியான விடை உனக்குத் தெரியுதுல்ல?"

"தெரியும். இருபத்தி நாலு."

"அப்பால ஏன் நோட்டுல இருபத்தஞ்சு எழுதற? அண்ணன் பங்க கீழ வெச்சாப் போதாதா?"

ஜெஸ்லின் தலையைக் குனிந்துகொண்டாள். பென்சில் முனையைத் தரையில் தேய்த்தாள்.

"சரியா போட்டா நீ 'முடிஞ்சுது'ன்னு சொல்லுவ. சொல்லிட்டு வாசலையே பாத்துகினு இருப்ப. மாதாவாண்ட பேசுவ, பாதில அழுவ. தப்பா போட்டா நீ அழறதில்ல. என்னத் திட்டிக்கினு இருக்க."

மகளைக் கடலிடமிருந்து காப்பாற்றிக்கொண்டிருப்பதாக ஜெரினா நினைத்திருந்தாள். இந்தச் சின்ன உயிரோ, மத்தியானம் முழுவதும் முதுகு வலிக்கக் குனிந்து உட்கார்ந்து, அம்மாவைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு வருடம் போனால் இந்தக் குழந்தைக்குச் சரியான விடை எது என்பதே மறந்துவிடும் என்று அவளுக்குத் தோன்றியது.

"பாப்பா, நெஜமா சொல்லு. கணக்கு எத்தினி நேரம் போட்டா உனக்கு நல்லா இருக்கும்?"

குழந்தை யோசித்தது. இது பரீட்சைக் கேள்வியோ என்று சந்தேகப்பட்டது. "அர மணி?" என்றது. பிறகு, பேரம் கைநழுவிவிடுமோ என்று, "முக்கா மணியும் பரவால்லம்மா" என்றது.

ஜெரினாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த வீட்டில் மத்தியான நேரத்தில் அவள் சிரித்து எவ்வளவோ காலமாகிவிட்டது. "அர மணி போதும்" என்றாள். நோட்டை எடுத்தாள். இருபத்தைந்தை அழித்தாள். பென்சிலை மகளிடம் கொடுத்தாள். ஜெஸ்லின் இருபத்து நான்கு என்று எழுதினாள். தள்ளி வைத்த புளியங்கொட்டையை இருவரும் தொடவில்லை.

"முடிஞ்சுது" என்றாள் ஜெரினா.

ஜெஸ்லின் அவள் முகத்தையே பார்த்தாள். கண், உதடு, மறுபடி கண். கற்களின் சத்தம் வந்தது. செருப்புச் சத்தமும் வந்தது. ஜெரினா வாசல் பக்கம் திரும்பாமல் மகளின் தலைமுடியை ஒதுக்கிவிட்டாள். குழந்தை நீளமாக ஒரு மூச்சு விட்டது.

"ஆயா வூட்டு ஃபர்ஹான் பம்பரம் வெச்சுகினு கீறான். போவட்டா?"

"போ. வண்டியாண்டவே வெளாடு. ரோட்டுக்குப் போவாதே."

அவள் ஓடினாள். இந்த முறை ஜெரினா வாசலில் நின்று பார்க்கவில்லை. உள்ளேயே நின்று, உள்ளங்கையில் நகம் பதியப் பொறுத்துக்கொண்டாள். சற்று நேரத்தில் தெருமுனையிலிருந்து ரஹீமுன்னிசாவின் குரல் கேட்டது. "அடடே, கலெக்டரம்மாவுக்கு இன்னிக்கு லீவா! டேய் ஃபர்ஹான், கயித்த அவகிட்ட குடுடா, நீ சுத்துனது போதும்!" அதற்குப் பின்னால் மகளின் சிரிப்பு.

ஜெரினா கையைத் துடைத்துக்கொண்டாள். சமோசாப் பொட்டலத்தின் மேலே தனிக் காகிதத்தில் இருந்ததை எடுத்தாள். கதவைச் சாத்திவிட்டு வண்டி நிற்கும் முனைக்கு எதிர்ப்பக்கமாக, பின் சந்து வழியாக நடந்தாள். வலை உலர்த்தும் இடத்தைத் தாண்டினாள். கடலோர ரோட்டைக் கடந்தாள். ஜெனிஷை எடுத்துவந்த நாளுக்குப் பிறகு அந்த ரோட்டை அவள் கடந்ததில்லை.

வெயில் தாழ்ந்துகொண்டிருந்தது. கரையில் ஆள் யாரும் இல்லை. தூரத்தில் துறைமுகத்துக்கு வெளியே கப்பல்கள் காத்து நின்றன. கருங்கற்கள் இன்னும் சூடாக இருந்தன. செருப்பைக் கழற்றிவிட்டு, கையை ஊன்றி, இரண்டாவது கல்மேல் ஏறி உட்கார்ந்தாள். கீழே இடுக்குக்குள் தண்ணீர் புகுந்தது, வெளியே வந்தது. வீட்டில் கேட்ட அதே சத்தம். பக்கத்தில் கேட்கும்போது அது தண்ணீரின் சத்தமாக மட்டும் இருந்தது.

"பின்னாடியே வரேன்னேன்ல" என்றாள். "வந்துட்டேன்டா."

பொட்டலத்தைப் பிரித்து, அவன் பங்கைத் தனக்குப் பக்கத்தில் கல்மேல் வைத்தாள். ஒரு சின்ன நண்டு கல்லின் விளிம்பில் வந்து நின்று, பார்த்து, உள்ளே போயிற்று. நின்றுபோன செபத்தை, நின்ற இடத்திலிருந்து தொடங்கிக் கடைசிவரை சொன்னாள். பிறகும் எழுந்திருக்கவில்லை. நண்டு தேட வந்த பிள்ளைக்கு அலுத்துப்போகும்வரை ஒரு தாய் எவ்வளவு நேரம் துணைக்கு உட்கார்ந்திருப்பாளோ, அவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாள்.